பபூன் வேஷக்காரரிடம் பஸ்ஸில் கேட்கப்படும் கேள்விகள்

என் கையில் எப்போதும் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கும். பஸ்ஸில் ஏறி அதைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரர் நாலு கிலோமீட்டர் போவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "அண்ணாச்சி, மேஜிக் காட்டுவியளோ?" இல்லை, நாடகம் என்பேன். "எந்த டிவியில?" டிவி இல்லை, கோயில் கொடைத் திருவிழாவில் வள்ளி திருமணம் போடுவார்களே, அதில் பபூன் என்பேன். அப்புறம் இறங்குகிற வரைக்கும் கேள்விதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் எந்தக் கம்பெனி?

எந்தக் கம்பெனியும் இல்லை. இதைப் புரியவைப்பதற்குள் பாதிப் பேருக்கு ஊர் வந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனி என்று இருந்தது. முதலாளி, வாத்தியார், நடிகர்கள், சமையல்காரர், சீன் துணி எல்லாம் ஒரே கூட்டமாக ஊர் ஊராகப் போகும். ஓர் ஊரில் கொட்டகை போட்டு மாசக்கணக்கில் தங்கி, நாளுக்கு ஒரு நாடகமாக நடத்துவார்கள். சிறுவர்களை மட்டும் வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளும் உண்டு. நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

நாங்கள் போடுவது ஸ்பெஷல் நாடகம். இதில் ஆள் ஆளுக்குத் தனியாகப் பேசி அச்சாரம் வாங்குவோம். கதாநாயகன் வேஷம் போடுகிற ராஜபார்ட் மதுரையில் இருந்து வருவார், கதாநாயகி வேஷம் போடுகிற ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லில் இருந்து வருவார், ஆர்மோனியம் கோவில்பட்டிக்காரராக இருப்பார், நான் திருநெல்வேலி. மேடைக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் ஒன்று சேர்வோம். சில நாள் வள்ளியும் முருகனும் முதன்முதலாக ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதே அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, முகத்தில் பாதி பவுடரோடுதான். விடிந்தால் கல்யாணம் முடிந்துவிடும், அவரவர் பஸ்ஸில் அவரவர் போய்விடுவோம்.

ஒத்திகை பார்க்காமல் எப்படி நடிக்கிறீர்கள்?

கதை எல்லோருக்கும் தெரியும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திர மயான காண்டம் என்று கைவிரலில் எண்ணிவிடலாம். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டுகள். வசனத்தில் பாதி பாடம், பாதி அன்றைக்குச் சொந்தச் சரக்கு. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தில் யார் எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவருக்கு அடுத்த வருஷம் அந்த ஊரில் அச்சாரம் கிடையாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒத்திகையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது டீக்கடையில் நடக்கும். இல்லாவிட்டால் வேனில், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில். ஆர்மோனியக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கட்டை?" என்பதுதான். சுருதியைக் கேட்கிறார். சௌக்கியமா என்பது அதற்கப்புறம்தான். தொண்டை சரியில்லாத நாளில், "இன்னைக்கு அரைக்கட்டை இறக்கிக்கிடுங்க வாத்தியாரே" என்றால் தலையை ஆட்டுவார். டான்ஸ் காமிக் போடுகிற அம்மாவிடம், எந்த டூயட், எங்கே நிறுத்தி எங்கே சண்டை ஆரம்பிக்கணும் என்று ரெண்டு நிமிஷம். மிருதங்கக்காரரிடம், நான் குதித்து இறங்கும்போது தட்ட வேண்டிய தட்டு. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். எட்டு மணி நேர நாடகத்துக்கு இதுதான் எங்கள் ஒத்திகை. பார்ப்பவர்களுக்கு நாங்கள் வெட்டிப்பேச்சு பேசுவது போலத்தான் இருக்கும்.

யாராவது வராமல் போய்விட்டால்?

நடந்திருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ராஜபார்ட் ஏறின பஸ் வழியில் நின்றுவிட்டது. பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது: "அண்ணே, ஒரு மணியாவது ஆகும், சமாளிங்க." ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டீஸில் பெரிய போட்டோ போட்டது அந்த ராஜபார்ட்டுக்குத்தான்.

எப்போதும் பபூன் தனியாக வந்து ஒரு மணி நேரம், பிறகு பபூனும் டான்ஸும் சேர்ந்து ஒரு மணி நேரம், அதற்கப்புறம்தான் கதை. அன்றைக்கு நான் தனியாகவே ஒன்றரை மணி நேரம் நின்றேன். தெரிந்த பாட்டெல்லாம் பாடி, தெரியாத பாட்டையும் பாடியாகிவிட்டது. டான்ஸ் அம்மா வந்தார். வழக்கமாகச் சண்டை போட்டு ராசியாகிப் போகிற காட்சியில் நாங்கள் மூன்று தடவை சண்டை போட்டோம். ஆர்மோனியக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வரிசையை மாற்றி, வள்ளியைத் தினைப்புனத்தில் ஏற்றிவிட்டு நாரதரை அனுப்பினோம். நாரதருக்கு ஓரத்தில் இருந்து நான் கையால் நீட்டு, நீட்டு என்று காட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்த மனிதர் வேதாந்தம், சித்தாந்தம் எல்லாம் தாண்டி, கத்தரிக்காயில் ஆண் பெண் உண்டா என்கிற வரைக்கும் தர்க்கத்தைக் கொண்டுபோய்விட்டார். வள்ளியும் விடவில்லை. அந்த ஊரில் இன்றைக்கும் அந்தத் தர்க்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஒன்றரை மணிக்கு ஒரு பால் வண்டி வந்து நின்றது. முன் சீட்டில் இருந்து கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு முருகன் இறங்கினார். வண்டிக்குள்ளேயே செல்போன் வெளிச்சத்தில் மேக்கப் போட்டிருக்கிறார். மண்ணில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் கண்ணை முழித்துப் பார்த்துவிட்டு, "எம்மா, முருகன் பால் வண்டியில வாராரு" என்றான். அன்றைக்கு ராத்திரி விழுந்த கைதட்டலில் பெரிய கைதட்டல் அதற்குத்தான். மூன்று மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினவன் நான்.

நெல்லைச் சீமையில் எந்தெந்த ஊர்களில் நாடகம் நடக்கும்?

வடக்கேதான் அதிகம். கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில், கயத்தாறு சுற்றுவட்டாரம் நாடகம் பார்த்துப் பழகின பூமி. மழை குறைந்த கரிசல் காட்டு ஊர்கள். தரையில் சாக்கு விரித்து விடிய விடியப் பார்ப்பார்கள், ராகம் தப்பினால் முகம் சுளிப்பார்கள். தெற்கே நாங்குநேரி, திசையன்விளை பக்கம் போனால் கொடைக்கு வில்லுப்பாட்டுதான் முதல். சுடலை கோயில் என்றால் கணியான் கூத்தும் உண்டு. அங்கே எங்களைக் கூப்பிட்டால் மூன்றாவது இடம்தான். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வில்லுக்காரர்கள் சாமியின் பிறப்பைப் பாடி சாமியையே வரவழைக்கிறவர்கள். நாங்கள் போனவர்களைத் திரும்பி வரவழைக்கிறவர்கள்.

மாவட்டக் கணக்கில் பார்த்தால் தூத்துக்குடி 1986லும் தென்காசி 2019லும் பிரிந்துவிட்டன. அச்சாரம் கொடுக்க வருகிறவர்கள் இன்னும் "நம்ம ஜில்லா" என்றுதான் பேசுகிறார்கள். பழைய ஆட்களிடம் செங்கோட்டை என்று சொன்னால் அந்த ஊர் நாடகப் பாடகர் கிட்டப்பா பேச்சு வந்துவிடும். 1906இல் பிறந்து 1933இல் போய்விட்டார். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்ட குரல் என்பார்கள். எங்களுக்கு மைக் இருக்கிறது, அதனால் கட்டையைக் குறைத்துக்கொண்டோம்.

கொடையும் நாடகமும் ஒரே ராத்திரி என்றால் எப்படி?

விவரம் தெரிந்த ஊரில் நாடகத்தை மறுநாள் ராத்திரிக்கு வைத்துவிடுவார்கள். ஒரே ராத்திரியில் வைத்தால் நடுச்சாமத்துப் பூஜையான சாமக்கொடை நேரத்துக்கு நாங்கள் நிறுத்தியாக வேண்டும். மேளம் அந்தப் பக்கம் ஏறினதும் இந்தப் பக்கம் ஆர்மோனியம் தானாக இறங்கிவிடும். சனம் முழுக்க எழுந்து கோயிலுக்குப் போய்விடும். மேடைக்கு முன்னால் தூங்குகிற பிள்ளைகளும் நாய்களும் மட்டும் இருக்கும்.

ஒரு தடவை வள்ளி ஆலோலம் பாடிக்கொண்டிருந்தபோது மேளம் ஏறிவிட்டது. பாட்டை நடுவில் வெட்டக்கூடாது என்று அந்த அம்மா முழுவதையும் பாடி முடித்தார். கேட்க நான், பின்பாட்டுக்காரர்கள், ஒரு கடலை வண்டிக்காரர் மட்டும்தான். முடிந்ததும் கடலைக்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டுப் போனார். சாமி வேட்டைக்குப் போய்த் திரும்பி, கூட்டம் மறுபடி உட்கார மூன்று மணி ஆகிவிட்டது. அதுவரை நாங்கள் வேஷத்தோடு சுவரில் சாய்ந்து தூங்கினோம். கிரீடம் வைத்தவர்களுக்கு அப்படிச் சாயவும் முடியாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மேலே ஒரு துண்டு, ஒரு மாற்றுக் கைலி. அதன்கீழ் என் கோடு போட்ட சட்டை, பொருந்தாத கோட்டு, குட்டைக் கால்சட்டை. பொய்முடி டோப்பா ரெண்டு. முத்துவெள்ளை, செந்தூரம், மை, பான்கேக், ஒரு கைக்கண்ணாடி, பாட்டிலில் தேங்காய் எண்ணெய். ஊக்கு ஒரு டப்பா நிறைய. ஊக்கு இல்லாமல் நாடகம் கிடையாது, யார் வேஷ்டி எப்போது அவிழும் என்று தெரியாது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற முருகன் படத்துக்குப் பக்கத்தில், 1990களில் எடுத்த என் போட்டோ ஒன்று. நோட்டீஸுக்கு இன்னும் அதைத்தான் கொடுக்கிறேன். பஸ்ஸில் இருந்து இறங்கினதும், "பபூன் வரலையா, நீங்க அவரு அப்பாவா?" என்று ஒரு ஊரில் கேட்டுவிட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி மீனாட்சிபுரம் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்ததே, அதில் என் வீட்டிலும் தண்ணீர். பெட்டியைக் கட்டிலுக்கு மேல் வைத்தேன். கட்டிலே மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால் டோப்பாக்கள் செத்த எலி மாதிரி கிடந்தன. கோட்டை மூன்று தடவை துவைத்தும் சேற்று வாடை போகவில்லை. அந்தக் கோட்டைத்தான் இப்போதும் போடுகிறேன்.

பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பஸ்ஸில் போகும்போது பூ வைக்க மாட்டார்கள், நகை போட மாட்டார்கள். டீச்சர் மாதிரி ஒரு வெளிர் சேலை, கையில் ஒரு சாதாரணக் கூடைப்பை. நாடகக்காரி என்று தெரிந்தால் பார்வை மாறும் என்பதுதான் காரணம். இப்போதும் கூடிய மட்டும் நாலைந்து பேராகச் சேர்ந்து வேன் பிடித்து வருகிறார்கள். 2021இல் இருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததே, அதில் உள்ளூர்ப் போக்குவரத்துக்குக் கொஞ்சம் மிச்சம். வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. "ஸ்திரீபார்ட்டுக்கு ஃப்ரீ, பபூனுக்குக் காசா?" என்று நான் கண்டக்டரிடம் சும்மா வம்புக்குக் கேட்பேன்.

பெரிய கஷ்டம் கக்கூஸ். இப்போது எல்லா ஊரிலும் கலையரங்கம் என்று சிமெண்டு மேடை கட்டிவிட்டார்கள். மேலே பெயர்ப் பலகை, திறந்து வைத்தவர் பெயர், தேதி எல்லாம் கல்வெட்டில் இருக்கும். பின்னால் ஒரு அறைகூட இருக்காது. சேலையைக் கட்டித் தடுத்து அதற்குள் வேஷம் போடணும். எட்டு மணி நேரம் மேடையில் இருக்கிற பெண் எங்கே போவாள் என்று கட்டினவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களோடு வருகிற ஒரு அம்மா, ஊருக்குள் நுழைந்ததும் மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "அக்கா, ராத்திரி ஒரு தடவை கதவத் தட்டுவேன், கோவிச்சுக்கிடக்கூடாது" என்று சொல்லி வைத்துவிடுவார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். அந்தத் தொண்டையோடுதான் பாட வேண்டும்.

சாப்பாடு? குரலுக்கு என்ன செய்வீர்கள்?

கொடை வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. ஆனால் வயிறு நிறைய தின்றால் பாட முடியாது, குதிக்கவே முடியாது. ராத்திரி ரெண்டு இட்லி, மிளகு ரசம். தயிர் கிடையாது. நடுவில் சுக்குக்காப்பி, உடன்குடிக் கருப்பட்டி போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆசைக்கு விடிந்ததும் தின்றுகொள்ளலாம். குரல் கட்டினால் பனங்கற்கண்டும் மிளகும். அதற்கும் மசியாவிட்டால் பேச்சைக் கூட்டிப் பாட்டைக் குறைக்கிறதுதான்.

என்ன சம்பளம் கிடைக்கும்?

ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் கூட, எங்களுக்கு நடுவில், தாளம் போடுகிற ஆல்ரவுண்டுக்குக் கம்மி. போக்குவரத்துச் செலவு அதற்குள்ளேயே அடக்கம். மாசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் சீசன், பங்குனி சித்திரையில் உறக்கம் இல்லாமல் ஓட்டம். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் எனக்குப் பந்தல் கடையில் வேலை. 2020, 2021 ரெண்டு வருஷமும் கொடைச் சீசனில் கொரோனா ஊரடங்கு வந்து படுத்துவிட்டது. அந்தக் கதை வேண்டாம்.

அன்பளிப்பு என்று ஒன்று உண்டு. பார்க்கிறவர் மேடையேறி சட்டையில் நோட்டைக் குத்துவார், அவர் பெயரை மைக்கில் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். சாவித்திரி புருஷனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருப்பாள். நடுவில், "மேலத்தெரு மாமா அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூற்றி ஒன்று, நன்றி" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் இருந்து அழ வேண்டும். அழுவார்கள், சனமும் சேர்ந்து அழும். எனக்கு இன்னும் பிடிபடாத வித்தை அது.

இன்னும் விடிய விடிய நடக்கிறதா?

எல்லா ஊரிலும் இல்லை. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிஞ்சாமல். எங்கள் நாடகம் ஆரம்பிப்பதே பத்து மணிக்கு! சில ஊரில் கண்டுகொள்ள மாட்டார்கள், சில ஊரில் ஏழு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்வார்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். நாலு மணி நேரத்தில் முடி என்றால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். பபூனை வெட்டமாட்டார்கள், அதுதான் கூட்டம் சேர்க்கிறது. எனக்கு லாபம்தான், ஆனாலும் தர்க்கம் இல்லாத வள்ளி திருமணம் உப்பில்லாச் சோறு.

வேஷத்தை எப்போது கலைப்பீர்கள்?

மங்களம் பாடினவுடனே. தேங்காய் எண்ணெயை முகம் முழுக்கத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, பம்புசெட்டோ அடிகுழாயோ எது இருக்கிறதோ அங்கே சோப்புப் போட்டுக் கழுவணும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை எப்போதும் மிச்சம் நிற்கும். என் பெண்டாட்டி அதைப் பார்த்துத்தான் நேற்று நாடகமா பந்தல் வேலையா என்று கண்டுபிடிப்பாள்.

எமன், சனீஸ்வரன் வேஷம் போட்டவர்கள் கழுவாமல் தெருவில் இறங்கக்கூடாது என்று ஒரு வழக்கு உண்டு. அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் ஒரு கதை சொல்வார்கள். சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1922 வரை இருந்தவர், எங்கள் தொழிலுக்கே தகப்பன் மாதிரி. சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனாராம். துணி துவைக்க வந்த கர்ப்பிணி அந்தக் கோலத்தைப் பார்த்து பயந்து விழுந்துவிட்டாளாம். அதோடு அவர் நடிப்பதை விட்டுவிட்டு நாடகம் எழுதப் போனார் என்பார்கள். எனக்கு ஆர்மோனியக்காரர் சொன்னார், அவருக்கு அவர் வாத்தியார் சொன்னாராம். பபூன் வேஷத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் நான் கழுவாமல் பஸ் ஏறியதில்லை.

கூத்தாடி என்று யாராவது சொன்னால் கோபம் வருமா?

சின்ன வயசில் வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னபோது ரொம்ப வந்தது. இப்போது யார் சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். பல நேரம் முன்வரிசையில் உட்கார்ந்து ஆறு மணி வரைக்கும் பார்த்தவராகத்தான் இருப்பார்.

நாடகம் பார்க்க நாங்கள் வரலாமா?

தாராளமாக. டிக்கெட் கிடையாது. பங்குனி, சித்திரையில் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் போகும்போது சுவர்களைப் பாருங்கள், போட்டோ போட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கும். போர்வை ஒன்று, உட்கார ஒரு சாக்கு. மின்விளக்குப் பூச்சி தொல்லை உண்டு. மிருதங்கம் இருக்கிற பக்கமாக உட்கார்ந்தால் ஸ்பீக்கர் காதைப் பிளக்காது. கைக்குழந்தையைக் கூட்டி வந்தால் தூங்கிவிடும், கவலை வேண்டாம்.

சாயங்காலமே வந்துவிட்டால், மேடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு தகரப் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒருத்தர், இன்னொருத்தரிடம் அஞ்சா அஞ்சரையா என்று பேசிக்கொண்டிருப்பார். நான்தான். பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒத்திகை நடக்கிறது.